கண்ணில் ஒரு பக்கம் மட்டும் சிவப்பு

கேள்வி: இடது கண்ணில், மூக்குப் பக்கம் மட்டும் மூன்று நாளாகச் சிவந்திருக்கிறது. பீளை இல்லை, பார்வையும் நன்றாக இருக்கிறது. தொட்டால் லேசாக வலி. இது 'மெட்ராஸ் ஐ'தானா? வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: மெட்ராஸ் ஐ என்றால் பீளையோ நீரோ வடியும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், கண் முழுக்கச் சிவக்கும். நீங்கள் சொல்வது எபிஸ்க்ளெரைட்டிஸ் போலத் தெரிகிறது. வெள்ளை விழிக்கும் அதன் மேலுள்ள மெல்லிய சவ்வுக்கும் இடையில் இருக்கும் படலத்தில் வரும் அழற்சி இது. பெரும்பாலும் காரணம் தெரியாது; ஒட்டவும் ஒட்டாது.

கண்ணாடியில் உற்றுப் பாருங்கள். சிவப்புக்குள் ரத்தக் குழாய்கள் கோடு கோடாகத் தெரிந்தால் அழற்சி. கோடே தெரியாமல் சிவப்பு மை கொட்டியதுபோல் இருந்தால் அது ரத்தக் கசிவு, வேறு விஷயம்.

பயப்பட வேண்டியது இன்னும் ஆழத்தில் வரும் ஸ்க்ளெரைட்டிஸுக்குத்தான். அதில் வலி குடையும், நெற்றிக்கும் தாடைக்கும் பரவும், தூக்கத்தைக் கலைக்கும். சிவப்பில் நீலம் கலந்திருக்கும். இரண்டையும் பிரித்தறிய டாக்டர் ரத்தக் குழாயைச் சுருக்கும் 2.5 சதவீத ஃபினைலெஃப்ரின் சொட்டு விட்டு 10, 15 நிமிடம் கழித்துப் பார்ப்பார். மேல் படலச் சிவப்பு வெளுத்துவிடும். ஆழத்தில் உள்ளது அப்படியே நிற்கும்.

உங்களுக்கு இருப்பது மேல் படல அழற்சிதான் என்றால் இரண்டு மூன்று வாரத்தில் தானாக அடங்கும். குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம் 5 முதல் 10 நிமிடம், செயற்கைக் கண்ணீர் நாளுக்கு 4 முறை போதும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவரானால் அதுவரை கழற்றி வையுங்கள். வலி கூடினால், பார்வை மங்கினால், வெளிச்சம் கூசினால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

கேள்வி: போன முறை தந்த ஸ்டீராய்டு சொட்டு மீதி இருக்கிறது. அதையே விடலாமா?

பதில்: கூடாது. திறந்து ஒரு மாதமான சொட்டு மருந்து பெரும்பாலும் குப்பைக்குத்தான். அது புதிதாகவே இருந்தாலும், இந்தச் சிவப்பு ஹெர்பீஸ் வைரஸால் வந்ததாக இருந்தால் ஸ்டீராய்டு கருவிழியைப் புண்ணாக்கிவிடும். அடிக்கடி விட்டால் கண் அழுத்தமும் ஏறும், அதுவும் வலியே இல்லாமல். 'சிவப்பு நீக்கி' சொட்டுகளும் வேண்டாம். மருந்தின் வேகம் தணிந்ததும் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும்.

கேள்வி: ஒரே வருடத்தில் மூன்றாவது முறை வந்திருக்கிறது. ஏதாவது டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பதில்: ஆம். முடக்குவாதம், குடல் அழற்சி, லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) போன்றவை பின்னணியில் இருக்கலாம். காலையில் விரல் மூட்டு விறைப்பு, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு இருந்தால் கண் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எந்த ரத்தப் பரிசோதனை தேவை என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.