ஓடுகிற பெயரை ஏன் திருத்த வேண்டும்?

கேள்வி: எங்கள் போர்டில் என்னென்ன சாதனங்கள் உள்ளன என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பில், 1024 பைட் கொள்ளும் ஈப்ரோம் (மின்சாரம் போனாலும் தரவு அழியாத நினைவகம்) சிப்புக்கு ‘ஏடி,24சி08’ என்று ‘தயாரிப்பாளர்,சாதனம்’ வடிவில் பெயர் எழுதியிருக்கிறோம். லினக்ஸ் கெர்னல் அதைக் குறையின்றிப் படிக்கிறது. ஆனாலும் அது பிழை என்றும், ‘அட்மெல்,24சி08’ என்று திருத்த வேண்டும் என்றும் எங்கள் குழுத் தலைவர் சொல்கிறார். ஓடுவதை ஏன் தொட வேண்டும்?

பதில்: உங்கள் குழுத் தலைவர் சொல்வதே சரி. ஐ2சி என்ற இரு கம்பி இணைப்பில் உள்ள சாதனங்களுக்கு டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) தேடும்போது, காற்புள்ளிக்கு முன்னுள்ள தயாரிப்பாளர் பெயரை விட்டுவிட்டு ‘24சி08’ என்பதை மட்டும் வைத்துப் பொருத்திப் பார்க்கும் பழைய வழி லினக்ஸில் இன்னும் இருப்பதால்தான் உங்கள் பிழை வெளியே தெரியவில்லை. முழுப் பெயரையும் ஒப்பிடும் யூ-பூட் (லினக்ஸுக்கு முன்னால் ஓடி அதைத் தொடங்கிவைக்கும் நிரல்) போன்ற நிரலிடம் இதே கோப்பைக் கொடுத்தால், பிழைச் செய்தி எதுவும் வராது. சிப் இருப்பதே அதற்குத் தெரியாது. ஈதர்நெட் முகவரியை அந்த ஈப்ரோமில் வைத்திருந்தீர்களானால், சிக்கல் நெட்வொர்க்கில் தலைகாட்டும். டிவைஸ் ட்ரீயின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ‘அட்மெல்’ என்று மாற்றிவிடாதீர்கள். முதலில் சிப்பின் மேற்பரப்பில் அச்சாகியிருப்பதைப் பாருங்கள். அது எஸ்டி (எஸ்டிமைக்ரோஎலக்ட்ரானிக்ஸ்) நிறுவனத்துடையது என்றால் ‘எஸ்டி,24சி08’ என்று முதலிலும், அதற்கு ஒத்தியங்கும் பொதுப்பெயராக ‘அட்மெல்,24சி08’ என்று அடுத்தும் எழுத வேண்டும். குறிப்பான பெயர் முன்னே, பொதுப்பெயர் பின்னே என்பதே வரிசை. அட்மெல் நிறுவனத்தை 2016-இல் மைக்ரோசிப் வாங்கிவிட்டதே என்று கேட்கலாம். நிறுவனம் கைமாறியதற்காக இந்தப் பெயர்களை மாற்றுவதில்லை. மாற்றினால் ஏற்கெனவே விற்பனையான போர்டுகளின் கோப்புகள் என்னாவது?

அதே காரணத்தால், ஒரு டிரைவர் தன் பட்டியலில் தவறான பெயரையே வெளிப்படையாக ஏற்றிருந்தால், சரியான பெயரைச் சேர்த்துவிட்டுப் பழையதை நீக்காமல் விடுவதே நல்லது. பழைய டிவைஸ் ட்ரீயோடு புதிய கெர்னல் ஓடும் போர்டுகள் களத்தில் இருக்கும். ஆவணத்தில் மட்டும் பழைய பெயரைக் ‘கைவிடப்பட்டது’ என்று குறித்தால் போதும்.

உங்கள் ஈப்ரோமை டிவைஸ் ட்ரீயில் எப்படி எழுத வேண்டும் என்று வரையறுக்கும் விளக்கக் கோப்பு கெர்னலிலேயே இருக்கிறது. புதிதாக எழுத வேண்டியதில்லை. உங்கள் நிறுவனமே தயாரிக்கும் சிப் என்றால்தான் வேலை கூடும்: தயாரிப்பாளர் முன்னொட்டுப் பட்டியலில் பெயரைப் பதிந்து, யாமல் என்ற உரை வடிவில் விளக்கக் கோப்பு எழுதி, அதை டிரைவர் மாற்றத்தோடு கலக்காமல் தனிப் பேட்சாக (மாற்றக் கோப்பாக), டிரைவர் பேட்சுக்கு முன்னால் வரும்படி கெர்னல் பராமரிப்பாளர்களுக்கு அனுப்ப வேண்டும். அனுப்புமுன், டிவைஸ் ட்ரீ கோப்புகளை விளக்கக் கோப்புகளோடு ஒப்பிடும் ‘டிடிபிஎஸ்_செக்’ சோதனையை ஓட்டிப் பாருங்கள். ‘ஏடி’ போன்ற முன்னொட்டுகளை அது அங்கேயே பிடித்துவிடும்.