கிறிஸ்துமஸ் கதைப் புத்தகங்களின் முதல் பதிப்புகள்: கேள்வி பதில்

பழைய கிறிஸ்துமஸ் சிறுவர் புத்தகங்களின் முதல் பதிப்புகளைப் பல வருடங்களாகத் தேடி வாங்குகிறவன் நான். கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறைய வந்தன. முக்கியமானவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அண்ணா, பழைய புத்தகக் கடையில் சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ கிடைத்தது. முகப்பில் லண்டன், சாப்மன் அண்ட் ஹால், 1843 என்று எல்லாம் இருக்கிறது. முதல் பதிப்புதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். முதல் பதிப்பை முகப்புப் பக்கம் உட்பட அச்சு அசலாக நகலெடுத்துப் பலமுறை வெளியிட்டிருக்கிறார்கள், அதனால் 1843 என்ற எண்ணை மட்டும் நம்ப முடியாது. படங்களைப் பாருங்கள். ஜான் லீச்சின் நான்கு வண்ணப் படங்களுக்கும் அன்று கையால்தான் வண்ணம் தீட்டினார்கள். பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது பொடிப் பொடியாகப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால அச்சு, சந்தேகமே வேண்டாம். சாயம் அங்கங்கே கோட்டைத் தாண்டியிருந்தால் நம்பிக்கை வைக்கலாம். அப்புறம் முதல் அத்தியாயத்தின் தலைப்பு. அத்தியாயத்தை டிக்கன்ஸ் ‘ஸ்டேவ்’ என்பார். ஆரம்பப் பிரதிகளில் அதற்குப் பக்கத்தில் ரோமன் எண் இருக்கும், பிறகுதான் ‘ஒன்’ என்று எழுத்தில் மாற்றினார்கள்.

கேள்வி: அதே புத்தகத்தில் பச்சைத் தாள், மஞ்சள் தாள் என்கிறார்களே, அது என்ன?

பதில்: அட்டையின் உட்புறம் ஒட்டும் தாள். முதலில் பச்சை போட்டார்கள், கை பட்டால் சாயம் உதிர்ந்தது, மஞ்சளுக்கு மாறினார்கள். புத்தகம் அழகாக இருக்க வேண்டும் என்று டிக்கன்ஸ் அவ்வளவு பாடுபட்டார்: பொன் எழுத்து, சிவப்பும் நீலமுமாக முகப்பு, அப்படியும் விலை 5 ஷில்லிங்தான். டிசம்பர் 19 வெளியாகி கிறிஸ்துமஸுக்குள் 6,000 பிரதிகள் விற்றும் அவர் எதிர்பார்த்த லாபம் வரவில்லை. அந்தச் செலவெல்லாம் எங்கே போனது என்பது புத்தகத்தைக் கையில் எடுத்தாலே தெரியும்.

கேள்வி: டாக்டர் சூஸ் எழுதிய ‘கிரிஞ்ச்’ சிறுவர் கதைப் புத்தகத்தில் 1957 என்று இருந்தால் போதுமா?

பதில்: போதாது. பின்னால் வந்த அச்சுகளிலும் அதே வருடம்தான் இருக்கும். தாள் மேலுறையின் உள்மடிப்பில் 250/250 என்று விலைக்குறி இருக்கிறதா பாருங்கள். கிறிஸ்துமஸ் புத்தகங்களுக்கே உள்ள சிக்கல் என்னவென்றால், பரிசாகக் கொடுக்கிறவர்கள் விலை தெரியக்கூடாது என்று அந்த மூலையைக் கத்தரித்துவிடுவார்கள், அதோடு அடையாளமும் போய்விடும். மேலுறையே இல்லாவிட்டால் விலை பெரிதாக விழுந்துவிடும்.

கேள்வி: சிவப்பு மூக்குக் கலைமான் ருடால்ஃபின் கதைப் புத்தகம் 1939இல் 24 லட்சம் பிரதிகள் வந்ததாமே, அப்புறம் எப்படி அரிது?

பதில்: மான்ட்கோமரி வார்ட் என்ற சிகாகோ கடைக்காரர்கள் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுத்தது அது. எழுதிய ராபர்ட் மே அங்கே விளம்பரம் எழுதும் ஊழியர். மெல்லிய தாள் அட்டை, சும்மா கிடைத்த பொருள், குழந்தைகள் கை. பிரதி கிடைப்பது பெரிதில்லை, கிழியாமல், கிரேயான் கிறுக்கல் இல்லாமல் கிடைப்பதுதான் பெரிது.

கேள்வி: சார், என்னிடம் அவ்வளவு பணம் இல்லை. எதில் தொடங்கலாம்?

பதில்: ரேமண்ட் பிரிக்ஸின் ‘ஃபாதர் கிறிஸ்துமஸ்’ (1973), ‘தி ஸ்னோமேன்’ (1978), அப்புறம் 1985இல் வந்த ‘தி போலார் எக்ஸ்பிரஸ்’. கடைசிப் புத்தகத்துக்கு, அமெரிக்காவில் சிறுவர் படப் புத்தகங்களுக்குத் தரும் கால்டகாட் பதக்கம் கிடைத்தது 1986இல், ஆகவே மேலுறையிலேயே பதக்க முத்திரை அச்சாகியிருந்தால் அது முதல் அச்சு இல்லை. ஸ்டிக்கர் என்றால் கடைக்காரர் பிறகு ஒட்டியிருக்கலாம்.

கேள்வி: முதல் பக்கத்தில் யாரோ ஒரு குழந்தையின் பெயர் எழுதியிருக்கிறது. அழிக்கலாமா?

பதில்: தயவுசெய்து தொடாதீர்கள். விலை கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் அழித்த தடம் அதைவிட மோசம், அதோடு அந்தப் புத்தகம் யார் கையில் இருந்தது என்பதற்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அந்தப் பெயர்தான். கிழிசலுக்கு செல்லோ டேப்பும் வேண்டாம், பசை பழுத்துத் தாளைக் கெடுத்துவிடும். சென்னை மாதிரி ஈரப்பதமுள்ள ஊரில் அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், மாதம் ஒருமுறையாவது திறந்து ராமபாணப் பூச்சி இருக்கிறதா பாருங்கள். அந்துருண்டை போட வேண்டாம், அந்த வாடை தாளில் ஏறினால் லேசில் போகாது.