பலதரப்பட்டவர்கள் வந்துபோகும் தொண்டு நிறுவன வலைத்தளத்தை மாற்றியமைக்க எங்கிருந்து தொடங்குவது?

டிசைனரிடம் போவதற்கு முன்னால் உங்கள் ஆபீஸில் போன் எடுப்பவரிடம் போங்கள். என் பதில் இவ்வளவுதான், அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பலாம். மீதி என் சொந்தக் கதை.

நன்கொடையாளர், உதவி கேட்டு வருபவர், தன்னார்வலர், கம்பெனிக்காரர் எல்லோரும் ஒரே சைட்டுக்கு வருகிறார்கள், முகப்பை யாருக்காக அமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் படித்ததுமே உங்கள் நிர்வாகக் குழுவில் ஒரு சண்டை முடிந்து அடுத்தது ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது. எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

எங்களுடையது ஈரோடு பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளை. பெயர் வேண்டாம், திட்டப்போவது எங்களைத்தான் என்றாலும். இரண்டு வேலை செய்கிறோம். வீல் சேர், ஆஸ்பத்திரிக் கட்டில், ஏர் பெட், ஆக்சிஜன் மெஷின் இவற்றைக் காசில்லாமல் இரவல் கொடுப்பது ஒன்று. தறி ஓட்டுபவர்களின் பிள்ளைகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டுவது இன்னொன்று. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மென்பொருள் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே தன்னார்வலன்.

2022இல் சைட்டைப் புதிதாகச் செய்தவன் நானே. முகப்பில் தானாக நகரும் ஐந்து படங்கள், ஐந்திலும் அறங்காவலர்கள். அதற்குக் கீழே தலைவர் செய்தி. திட்டங்களுக்குக் கவித்துவமாகப் பெயர் வைத்தோம்: பீஸ் உதவிக்குக் 'கல்விச் சிறகு', ஆக்சிஜன் மெஷினுக்கு 'மூச்சுக்காற்று'. கல்யாண மண்டபம் பிடித்துத் திறப்பு விழாவும் நடத்தினோம். அடுத்த வாரத்திலிருந்து ஆபீஸுக்கு வரும் போன் குறையும் என்று எதிர்பார்த்தேன். கூடிப்போனது.

எங்கள் ஆபீஸில் ஒரு அக்கா இருக்கிறார். கணக்கு, சாவி, போன் எல்லாம் அவர் பொறுப்பு. வரும் ஒவ்வொரு அழைப்பையும் ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி வைப்பார்: தேதி, நேரம், ஊர், என்ன கேட்டார்கள். அந்த நோட்டு அலமாரியில் வருடக்கணக்காகச் சும்மா கிடந்தது. 2023இல் ஒருநாள், "தம்பி, உங்க சைட்டப் பாத்துட்டுக் கூப்பிடறவங்க எல்லாம் சைட்டுல இருக்கறதையேதான் கேக்கறாங்க" என்று சொல்லி என் முன்னால் அதைப் போட்டார். கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தது. இருந்தாலும் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து, ஒரு வருட நோட்டைக் கணினியில் ஏற்றினேன்.

பாதிக்கு மேல் கட்டில், ஏர் பெட், வீல் சேர் கேட்டவை. அவற்றிலும் பெரும்பாலானவை சாயங்காலம். ஏன் என்று அக்காவிடம் கேட்டேன். "அப்பத்தானே டிஸ்சார்ஜ் எழுதித் தருவாங்க" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு, ஒரு கையில் மருந்துப் பையும் மறுகையில் போனுமாக நிற்கும் ஒருவர்தான் எங்கள் முக்கியமான வாசகர். அவர் சைட்டைத் திறந்தால் எங்கள் தலைவர் பொன்னாடை வாங்கிக்கொண்டிருப்பார். 'சேவைகள்' என்பதைத் தொட்டால் ஆண்டறிக்கை முழுவதும் பெரிய பிடிஎப்பாக இறங்கும். கடைசிப் பக்கத்தில் இருந்த லேண்ட்லைன் நம்பரை நாங்கள் விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. நோட்டில் ஒரு வரி இன்னும் ஞாபகம் இருக்கிறது: "பெருந்துறையிலிருந்து. ரெண்டு நாளாக் கூப்பிட்டாராம். ஏர் பெட் விலைக்கே வாங்கிட்டாராம்." அன்று எங்கள் குடோனில் மூன்று ஏர் பெட் சும்மா கிடந்தன.

அடுத்து காலேஜ் பீஸ். இது ஜூன், ஜூலையில் மட்டும் குவியும். அதே ஜூலையில் வருமான வரிக் கணக்குக் காட்டுபவர்கள் 10பிஇ சான்றிதழ், அதாவது நன்கொடைக்கு வரிச்சலுகை கேட்க நாங்கள் தரவேண்டிய சான்றிதழ், எங்கே என்று கேட்டுக் கூப்பிடுவார்கள். பிறகு கம்பெனிகளின் சிஎஸ்ஆர் ஆட்கள், அதாவது சமூகப் பொறுப்பு நிதியைப் பார்ப்பவர்கள். 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 பதிவு எண் இல்லாமல் அவர்களால் எங்களைப் போன்றவர்களுக்குப் பணம் தர முடியாது, அதனால் முதல் கேள்வியே அந்த எண்தான். தன்னார்வலர்கள் மிகக் குறைவு. தலைவர் செய்தியைப் படித்துவிட்டுப் பாராட்டியவர் ஒருவர், அவரும் தலைவரின் சம்பந்தி.

ஆக, 'பலதரப்பட்டவர்கள்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிட்டாலும் அவர்கள் வரும் நேரம் வேறு, அவசரம் வேறு. சான்றிதழ் கேட்பவர் நாளைக்கு வரை காத்திருப்பார், டிஸ்சார்ஜ் ஆனவரால் முடியாது. முகப்பில் யார் அதிகம் பணம் தருகிறார் என்பதை வைத்து இடம் ஒதுக்காதீர்கள், யாரால் காத்திருக்க முடியாது என்று பார்த்து ஒதுக்குங்கள்.

நன்கொடையாளரை ஓரங்கட்டச் சொல்கிறான் என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: அவர்களுக்கு வேண்டியது படம் ஓடும் முகப்பு இல்லை. தனியாக ஒரு பக்கம், அதில் சுற்றிவளைக்காத விவரம். எங்கள் பக்கத்தில் 80ஜி எண் (நன்கொடைக்கு வரிவிலக்குத் தரும் பதிவு), பான் எண் ஏன் கேட்கிறோம், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிவிலக்கு கிடைக்காது, சான்றிதழ் மே மாதக் கடைசிக்குள் வரும் என்று எழுதினோம். படிவ எண்களும் சட்டப் பிரிவுகளும் மாறக்கூடியவை, உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுப் போடுங்கள். முக்கியமாக ஒன்று, குடியுரிமை என்ன என்று கேட்க ஒரு கட்டம் வையுங்கள். கோபிக்காரர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து நல்ல தொகை அனுப்பினார். நம்ம ஊர்க்காரர்தானே என்று எல்லோருக்கும் சந்தோஷம். அவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அங்கே சம்பாதித்ததை வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. வேறு நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டால் அது அந்நிய நன்கொடை, எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு இல்லாத எங்களால் தொட முடியாது. திருப்பி அனுப்பினோம். அவருக்கு மனவருத்தம், எங்களுக்கு அதைவிட.

சொல்ல மறந்தேன், எழுத்துரு. எங்கள் பழைய பக்கங்கள் டிடிபி கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். கூகுளுக்கு அது வெறும் குப்பை. எல்லாக் கணினிக்கும் தமிழாகவே புரியும் யூனிகோடுக்கு மாற்றியபிறகுதான் தேடலில் வரவே ஆரம்பித்தோம். என்ன தேடி வந்தார்கள் என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலைப் பார்த்தால் 'மருத்துவ உபகரண வங்கி' என்று யாரும் தேடவில்லை. 'வீல் சேர் இரவல்', 'காலேஜ் பீஸ் உதவி' என்றுதான் தேடியிருந்தார்கள். சிறகும் மூச்சும் அன்றோடு போயின.

இப்போது ஒரு வயிற்றெரிச்சல், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை. கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஊருக்குத் தெரிந்தால் போச்சு. ஈபி பில்லிலிருந்து பட்டா சிட்டா வரைக்கும் என் வேலை. மாமன் மகள் கல்யாணத்தில் லேப்டாப்பைக் கொடுத்து மொய் எழுத உட்காரவைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை முகத்தையே நான் பார்க்கவில்லை, கடைசிப் பந்தியில் ரசம் மட்டும் கிடைத்தது. இலவசமாகச் செய்கிறான் என்பதால் அதை யாரும் வேலை என்றே நினைப்பதில்லை. உங்கள் சைட்டையும் அப்படி ஒருவன்தான் செய்யப்போகிறான் என்றால் அவனுக்கு வேளைக்குச் சோறாவது போடுங்கள்.

சரி, தலைவரை எப்படிச் சம்மதிக்க வைத்தோம் என்பதற்கு வருகிறேன். கூட்டத்தில் பட்டியல் எல்லாம் காட்டினேன், நடக்கவில்லை. "நாலு பெரிய மனுசங்க பாக்கற எடம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் கையிலேயே போனைக் கொடுத்து, "உங்க அக்காவுக்கு இன்னிக்கு ராத்திரிக்கு ஏர் பெட் வேணுங்க. நம்ம சைட்டுலயே பாத்துச் சொல்லுங்க" என்றேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். அவருடைய படம் மூன்று முறை நகர்ந்து போனது. பிடிஎப் இறங்கத் தொடங்கியதும் போனைத் தட்டிப் பார்த்தார். "நம்பர் எங்க கண்ணு இருக்குது?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அக்கா மட்டும் எழுந்து டீ வாங்கப் போனார்.

இப்போது முகப்பில் மூன்றே வரி: 'வீல் சேர், கட்டில், ஆக்சிஜன் மெஷின் வேண்டும்', 'காலேஜ் பீஸுக்கு உதவி வேண்டும்', 'உதவி செய்ய விரும்புகிறேன்'. கீழே ஒட்டிக்கொண்டே வரும் போன் பொத்தான். முதல் வரியைத் தொட்டால் இன்றைய கையிருப்பு. அக்கா கூகுள் ஷீட்டில் எண்ணை மாற்றினால் சைட்டில் மாறிவிடும். அவர் லீவில் போனால் பழைய எண்ணே நிற்கும், அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

நான் செய்த தப்பு ஒன்று. பக்கங்களின் முகவரியை எல்லாம் மாற்றிவிட்டேன். இரவல் கொடுத்த ஒவ்வொரு வீல் சேரின் முதுகிலும் 'திருப்பித் தர' என்று ஒரு க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது அடியோடு மறந்துபோனது. ஒன்றரை மாதம் ஸ்கேன் செய்தவர்களுக்கெல்லாம் 'பக்கம் இல்லை' என்று வந்திருக்கிறது. பவானிக்காரர் ஒருவர், வைக்க இடம் இல்லாமல் வீல் சேரை மாட்டுக் கொட்டகையில் நிறுத்திவிட்டார். பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதிய பக்கத்துக்கு அனுப்பும் 301 திருப்புதல் போட்டபிறகுதான் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. உங்கள் பழைய முகவரி நோட்டீஸில், ரசீதில், வண்டியில் எங்கெல்லாம் அச்சாகியிருக்கிறது என்று வேலை தொடங்குமுன் எழுதி வையுங்கள்.

பீஸ் விண்ணப்பத்தை மட்டும் நான் முழுக்க ஆன்லைனாக்கவில்லை. திருச்செங்கோட்டுப் பக்கத்து அம்மா ஒருவரிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். 'விண்ணப்பிக்க' என்ற பொத்தானைத் தொடவே இல்லை. "இதுல எங்கீங்க எழுதிக் குடுக்கோணும்?" என்று கேட்டார். இப்போது அந்தப் பக்கத்தில் என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்ற பட்டியலும், ஆபீஸ் திறந்திருக்கும் நேரமும், அக்காவின் நம்பரும் மட்டும்தான்.

தலைவர் படம் 'எங்களைப் பற்றி'யில் இருக்கிறது. கொஞ்சம் பெரிதாகவே.