2033-ல் சோஷியல் செக்யூரிட்டி தீர்ந்துவிடுமாமே, 62 வயதிலேயே வாங்கிவிடலாமா?

கேள்வி: நான் 2007-ல் கணவரோடு எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான விசா) அமெரிக்கா வந்தேன். எச்-4-ல் இருப்பவர்களும் வேலை செய்யலாம் என்று 2015-ல் விதி வந்தபிறகு, 2016-லிருந்து சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். வயது 49, வருடச் சம்பளம் சுமார் 1 லட்சம் டாலர். கணவருக்கு 52 வயது, அவருக்கு சர்க்கரை உண்டு. இருவருக்கும் கிரீன் கார்டு வந்துவிட்டது. 2033-ல் சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (65-க்கு மேற்பட்டோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இரண்டிலும் பணம் தீர்ந்துவிடும் என்று எங்கே போனாலும் இதே பேச்சு. பொங்கல் விழாவில் பார்த்த ஒரு இன்ஷூரன்ஸ் முகவர், “அரசாங்கத்தை நம்பாதீங்க. 62-லேயே வாங்கிடுங்க. 401(கே)-ல போடுறதை நிறுத்திட்டு எங்க பாலிசியில போடுங்க” என்றார். (401(கே) என்பது ஓய்வுக்காக நிறுவனம் வழியாகச் சம்பளத்திலிருந்து சேர்க்கும் கணக்கு.) 55 வயதில் கோவைக்கே திரும்பிவிடலாம் என்றும் ஓர் எண்ணம் இருக்கிறது. இத்தனை வருடம் பிடித்த பணம் போனதுதானா? வயதான காலத்தில் மருத்துவச் செலவுக்கு என்ன செய்வது?
– வாசகி, டெக்சஸ்

பதில்: உங்கள் பணம் போகவில்லை. அதற்காக முழுத்தொகையும் வரும் என்று கணக்குப் போடவும் வேண்டாம். முக்கால் பங்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் முக்கால் என்று சொல்கிறேன்.

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் என்றால், சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், அதாவது சுமார் 238 டாலர் பிடித்திருப்பார்கள். மெடிகேருக்கு 1.45 சதவீதம், சுமார் 56 டாலர். உங்கள் நிறுவனமும் அதே அளவு கட்டுகிறது. இந்தப் பணம் உங்கள் பெயரில் எங்கும் சேர்த்து வைக்கப்படுவதில்லை. அடுத்த மாதமே ஏதோ ஓர் ஊரில் ஒரு தாத்தாவுக்கோ பாட்டிக்கோ பென்ஷனாகப் போய்விடுகிறது. நாளை உங்களுக்கு வரப்போவது, அன்றைக்கு வேலை பார்ப்பவர்களிடம் பிடிக்கும் பணம்.

1960-ல் ஒரு பயனாளிக்கு 5 பேர் வேலை பார்த்து வரி கட்டினார்கள். இப்போது 2.7 பேர்தான். 1946-லிருந்து 1964 வரை பிறந்த பெரிய தலைமுறை ஓய்வு பெறும்போது இப்படி ஆகும் என்பது முன்பே தெரியும். அதனால் 1983-க்குப் பிறகு பல வருடங்கள் செலவைவிட அதிகமாக வசூலித்து, மிச்சத்தை அரசுக் கடன் பத்திரங்களில் சேர்த்து வைத்தார்கள். 2024 முடிவில் அந்தக் கையிருப்பு சுமார் 2.7 லட்சம் கோடி டாலர். 2021-லிருந்து வரவைவிடச் செலவு அதிகமாகி, கையிருப்பு கரைந்துகொண்டிருக்கிறது. 2025 ஜூனில் வந்த அறங்காவலர்கள் அறிக்கை, ஓய்வூதியக் கையிருப்பு 2033-ல் தீரும் என்றது. அடுத்த மாதமே நிறைவேறிய புதிய வரிச் சட்டத்தால் வரவு குறைவதைக் கணக்கில் சேர்த்து, அத்திட்டத்தின் தலைமை ஆக்சுவரி (நிதிக் கணிப்பு நிபுணர்) அதை 2032 கடைசிக்கு நகர்த்தினார்.

தீர்வது அந்தக் கையிருப்புதான். வங்கியில் போட்ட டெபாசிட் கரைந்துவிட்டாலும் மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்கும் வீட்டைப்போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். வேலை பார்ப்பவர்களின் வரி அன்றைக்கும் வரும். அதே அறிக்கையின்படி, அந்த வரியை வைத்தே 77 சதவீத ஓய்வூதியம் கொடுக்கலாம். பிறகு அது இன்னும் கொஞ்சம் மெல்லக் குறையும். நான் 75 என்று வைக்கச் சொல்வது அதனால்தான்.

அந்த நாள் வரும்வரை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சும்மா இருக்குமா? என் கணிப்பில் இருக்காது. 1982-லேயே ஓய்வூதிய நிதி, மாற்றுத்திறனாளி நிதியிலும் மெடிகேர் நிதியிலும் கடன் வாங்கித்தான் பென்ஷன் கொடுத்தது. 1983 ஏப்ரலில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், முழு ஓய்வூதிய வயதை (வெட்டு இல்லாமல் முழுத்தொகை கிடைக்கும் வயது)ப் படிப்படியாக 67-க்கு உயர்த்தியது, ஓய்வூதியத்தின் ஒரு பகுதிக்கு வரி போட்டது, தீர்மானித்திருந்த வரி உயர்வுகளை முன்னதாகக் கொண்டுவந்தது. கடைசி நேரத்தில்தான் செய்தார்கள், ஆனால் செய்தார்கள். இந்த முறையும் வரியைக் கூட்டலாம். வயதை இன்னும் ஏற்றலாம். 2026-ல் 1,84,500 டாலருக்கு மேல் வரும் சம்பளத்துக்கு இந்த வரியே இல்லை, அந்த வரம்பையும் உயர்த்தலாம். எதைச் செய்வார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் வீட்டுக் கணக்கை முக்கால் பங்கில் போட்டுவைப்போம். முழுசாக வந்தால் நல்லது.

இப்போது அந்த முகவர் சொன்ன ‘62-லேயே வாங்கிடுங்க’ என்பதற்கு வருகிறேன். இதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. உங்களுக்கு 62 ஆகும்போது 2038 ஆகியிருக்கும். உங்கள் கணவருக்கு 2036. 2033-ல் ஏதாவது வெட்டு வந்தால், உங்கள் 62-வது பிறந்தநாளுக்கு முன்பே வந்திருக்கும். முந்திக்கொண்டு அள்ள அங்கே எதுவும் இல்லை. அதோடு, வெட்டு விழுந்தால் முன்னால் வாங்கியவர், பின்னால் வாங்கியவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில்தான் விழும் என்பதே பொதுவான கணிப்பு.

எண்களில் பாருங்கள். இதே சம்பளத்தில் 67 வரை வேலை பார்த்தால் உங்களுக்கு மாதம் சுமார் 2,800 டாலர் வரும். ஓய்வூதியத்தை 62-லேயே தொடங்கினால் 30 சதவீதம் வெட்டி 1,960. எழுபது வரை பொறுத்தால் 24 சதவீதம் கூடி 3,472. எல்லாவற்றிலும் முக்கால் போட்டால் 67-க்கு 2,100, 62-க்கு 1,470, எழுபதுக்கு 2,604. பயந்து சீக்கிரம் வாங்கினால், அரசாங்கம் வெட்டுவதற்கு மேல் நாமே ஒரு வெட்டு வெட்டிக்கொள்கிறோம், அதுவும் ஆயுள் முழுக்க. உடம்பு முடியவில்லை, வேலை போய்விட்டது, கையில் வேறு பணம் இல்லை என்றால் 62-ல் வாங்குவதில் தப்பே இல்லை. பயம் மட்டும் அதற்குக் காரணமாகக் கூடாது.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் 2010-ல் இதே பயத்தில் 62-லேயே வாங்கிவிட்டார். அவர் காலத்து விதிப்படி 66-ல் 2,000 டாலர் வந்திருக்கும். அவர் வாங்கியது 1,500. விண்ணப்பம் அனுப்பிய அன்று மாலை, “அப்பாடா, உள்ளே போய்விட்டேன்” என்று சமையலறை மேஜையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே சொன்னார். அந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை, அழுத்திச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இன்றுவரை ஒரு மாதம்கூட அவருக்குப் பணம் தவறியதில்லை. ஆனால் அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்கு வரும் தொகையிலும் அந்தக் குறைவின் பெரும்பகுதி தொடரும். அதனால்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் அதிகம் சம்பாதித்தவர் கணவர் என்றால், முடிந்தால் அவர் எழுபது வரை காத்திருக்கட்டும். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பெரிய தொகைதான் உங்களுக்கு வரும்.

2033-ஐவிட உங்கள் பென்ஷனை அதிகம் பாதிக்கப்போவது நீங்கள் கோவைக்குத் திரும்பும் தேதி. ஓய்வூதியத்தை உங்கள் சிறந்த 35 வருடச் சம்பளத்தின் சராசரியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். வேலை பார்க்காத வருடங்களுக்கு அதில் சைபர். எச்-4-ல் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த வருடங்கள் எத்தனை பெண்களின் கணக்கில் சைபர் சைபராக நிற்கின்றன என்று பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். 55-ல் நிறுத்தினால் உங்களுக்கு 16 வருடச் சம்பளமும் 19 சைபர்களும் இருக்கும். என் கணக்கில் 67-ல் சுமார் 1,950 டாலர் வரும், முக்காலில் 1,460. வேலை பார்த்த வருடங்கள் 27-லிருந்து 16 ஆக, ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தும், பென்ஷன் 30 சதவீதம்தான் குறைகிறது. சராசரிச் சம்பளத்தின் முதல் பகுதிக்கு 90 சதவீதம், அடுத்த பகுதிக்கு 32 சதவீதம் என்று கீழே இருப்பவர்களுக்கு அதிகம் கிடைக்கும்படி சூத்திரத்தை அமைத்திருக்கிறார்கள், அதனால்தான்.

ஊருக்குப் போனாலும் இந்தப் பணம் வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் கேட்பது அதுதான். வரும். இந்தியக் குடிமகளாகவே இருந்தாலும் 40 கிரெடிட் (வரி கட்டிய சம்பளத்துக்குக் கிடைக்கும் புள்ளி) சேர்ந்திருந்தால் இந்தியாவிலும் கொடுப்பார்கள். வருடத்துக்கு அதிகபட்சம் 4 கிரெடிட் என்பதால் குறைந்தது 10 வருட வேலை வேண்டும். 2016-லிருந்து விடாமல் வேலை பார்த்திருந்தால் நீங்கள் அதைத் தொட்டிருப்பீர்கள். ஆனால் கிரீன் கார்டையும் விட்டுவிட்டு இந்தியக் குடிமகளாக அங்கே வாங்கினால், ஓய்வூதியத்தில் 25.5 சதவீதத்தை இங்கேயே வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிக்கொண்டு போனால் இந்தப் பிடித்தம் இல்லை, வழக்கமான வருமான வரிக் கணக்குதான். திரும்புவதற்கு முன் இதை உட்கார்ந்து யோசியுங்கள். உங்கள் சொந்தத்தில் யாராவது 8 அல்லது 9 வருடத்தில் ஊருக்குக் கிளம்பினால் அவர்களுக்கும் சொல்லுங்கள். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இந்த விஷயத்தில் ஒப்பந்தம் இல்லை. 40 கிரெடிட்டுக்கு ஒன்று குறைந்தாலும் ஓய்வூதியமே கிடையாது.

அடுத்தது மெடிகேர். ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ நிதியின் கையிருப்பும் 2033-ல் தீரும் என்றது அதே அறிக்கை. அப்போதும் 89 சதவீதச் செலவுக்கு வரவு இருக்கும். டாக்டர் செலவுக்கான பார்ட் பி-க்கு ‘தீர்வது’ என்பதே கிடையாது. பிரீமியமும் பொது வரிப்பணமும் சேர்ந்து நடக்கிற திட்டம் அது. அங்கே பிரச்சினை பிரீமியத்தில் இருக்கிறது. 2000-ல் மாதம் 45.50 டாலர், 2026-ல் 202.90. இந்த ஏற்றம் தொடரும் என்றே திட்டமிடுங்கள். கம்பெனியில் எச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) இருந்தால் அதை நிரப்புங்கள். 2026-ல் குடும்பத்துக்கு 8,750 டாலர் வரை போடலாம். 65-க்குப் பிறகு பார்ட் பி பிரீமியத்தையே அதிலிருந்து கட்டலாம்.

ஆனால் கோவையில் இருப்பவருக்கு மெடிகேர் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காது. அமெரிக்காவுக்கு வெளியே அது செல்லாது. 65-ல் பார்ட் பி-யில் சேராமல் கோவையிலேயே இருந்துவிட்டு, பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள 70-ல் திரும்பி வந்தால், தாமதித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 10 சதவீதம் அபராதம் ஆயுள் முழுக்கச் சேரும். இன்றைய விலையில் 202.90 என்பது 304 டாலர் ஆகிவிடும். திரும்பி வர வாய்ப்பு உண்டு என்றால் ஊரில் இருந்தபடியே பிரீமியத்தைக் கட்டுவது ஒரு வழி, அபராதத்துக்குப் பணம் ஒதுக்கி வைப்பது இன்னொரு வழி. எத்தனை வருடம் அங்கே இருப்பீர்கள் என்பதைப் பொறுத்து எது மலிவு என்று பார்க்கலாம்.

அதனால் உங்கள் மருத்துவத் திட்டம் இந்தியாவில் எடுக்கும் ஒரு ஹெல்த் இன்ஷூரன்ஸில்தான் தொடங்க வேண்டும், அதுவும் திரும்புவதற்கு 3 வருடம் முன்பே. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 விதிகளின்படி அதிகபட்சம் 36 மாதம். உங்கள் கணவரின் சர்க்கரையை முதல் விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். மறைத்து எடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் க்ளெய்ம் மறுக்கப்பட்டு நிற்கும் குடும்பங்களின் வேதனை பெரிது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

அப்புறம் அந்த முகவரின் பாலிசி. பாலிசியின் பெயரை அவர் சொல்லாவிட்டாலும், அது இண்டெக்ஸ்டு யுனிவர்சல் லைஃப் (பங்குச்சந்தைக் குறியீட்டோடு இணைத்த ஆயுள் காப்பீடு)தான் என்று நினைக்கிறேன். நம் விழாக்களில் அதிகம் விற்பது அதுதான். லாபத்துக்கு உச்சவரம்பு, வருடா வருடம் பிடிக்கும் இன்ஷூரன்ஸ் செலவு, முதல் பல வருடங்களில் விட்டு வெளியே வந்தால் சரண்டர் கட்டணம், இந்த மூன்றுக்கும் தாளில் எண் எழுதிக் கேளுங்கள். 401(கே)-வை நிறுத்தவே வேண்டாம். நிறுவனம் போடும் பங்கை விட்டால் அது உங்கள் சம்பளத்தை நீங்களே குறைத்துக்கொள்வது. 2026-ல் 24,500 டாலர் வரை போடலாம். 50 ஆகும் வருடத்திலிருந்து இன்னும் 8,000 கூடுதலாகப் போடலாம். உங்களுக்கு 50 ஆகப்போகிறது. பென்ஷனில் குறையும் கால் பங்கை ஈடுகட்டுவது அந்தப் பணம்தான்.

இந்த வார இறுதியில் இருவரும் சோஷியல் செக்யூரிட்டி இணையதளத்தில் தனித்தனிக் கணக்குத் திறந்து, வருடவாரியான சம்பளப் பட்டியலை உங்கள் டபிள்யூ-2 (நிறுவனம் தரும் வருடச் சம்பளக் கணக்கு) படிவங்களோடு வைத்துச் சரிபாருங்கள். கிரெடிட் 40 வந்துவிட்டதா என்பதும் அதிலேயே தெரியும். வேலை மாறிய வருடங்களையும், கல்யாணத்துக்குப் பின் பெயர் ஓர் இடத்தில் ஒரு மாதிரியும் இன்னோர் இடத்தில் வேறு மாதிரியும் இருந்த வருடங்களையும் கவனமாகப் பாருங்கள், சம்பளம் விட்டுப்போவது அங்கேதான். ஏதாவது வருடம் விட்டுப்போயிருந்தால் அந்த வருடத்தின் டபிள்யூ-2-வோடு திருத்தக் கேளுங்கள். அந்த இரண்டு பட்டியலும், கணவரின் சம்பளமும் 401(கே) இருப்பும் எனக்குக் கிடைத்தால், 55-ல் திரும்புவது முடியுமா, 58 வரை பொறுக்க வேண்டுமா என்று அடுத்த முறை எண்ணோடு எழுதுகிறேன்.