அமெரிக்க மாநிலப் பேரிடர் மேலாண்மைத் தலைவர் எந்தத் துறையிலிருந்து வருகிறார்?

ராணுவத்தில் இருந்திருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயமில்லை. பெரும்பாலான மாநிலங்களில் இவரை ஆளுநர்தான் நியமிக்கிறார். தீயணைப்பு, காவல், தேசியக் காவல்படை, மாவட்ட நிர்வாகம் என்று பல வழிகளில் வருகிறார்கள்.

நான் எப்போதும் எடுத்துச்சொல்வது கிரெய்க் ஃபியூகேட்டை. தன்னார்வத் தீயணைப்பு வீரராகத் தொடங்கி, பாராமெடிக்காக (அவசர மருத்துவ உதவியாளராக) வேலை பார்த்து, ஃபுளோரிடாவின் அலச்சுவா கவுன்ட்டியில் (நம் மாவட்டம் போன்றது) அவசரகால மேலாளரானவர். 1997-இல் மாநிலப் பேரிடர் மேலாண்மை அலுவலகத்துக்குப் போனார். 2001-இல் அதன் இயக்குநர். 2004-இல் சார்லி, பிரான்சிஸ், ஐவன், ஜீன் என நான்கு புயல்கள் சுமார் ஆறு வாரங்களில் ஃபுளோரிடாவைத் தாக்கின. களத்தில் வளர்ந்தவரின் பார்வை அப்போது தெரிந்தது. வாஃபிள் ஹவுஸ் என்ற உணவகத் தொடரின் கிளை ஒரு பகுதியில் முழு மெனுவுடன் இயங்கினால் அந்தப் பகுதிக்குப் பச்சைக் குறி, குறைந்த மெனு என்றால் மஞ்சள், மூடியிருந்தால் சிவப்பு. அந்தப் பகுதியில் மின்சாரமும் தண்ணீரும் எப்படி இருக்கின்றன என்பதை அறிக்கை வருமுன்பே இதை வைத்து ஊகித்தார்கள். 2009-இல் ஒபாமா அவரை மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் தலைவராக்கினார்.

இதற்கு நேர்மாறு மைக்கேல் பிரவுன். ஃபெமாவுக்கு வருமுன் அரேபியக் குதிரை வளர்ப்போர் சங்கத்தில் பொறுப்பு வகித்த வழக்கறிஞர். 2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு பதவி விலகினார். மறு ஆண்டே, ஃபெமா தலைவருக்குப் பேரிடர் மேலாண்மையில் நிரூபித்த திறமையும் குறைந்தது 5 ஆண்டு நிர்வாகத் தலைமை அனுபவமும் வேண்டும் என்று சட்டம் வந்தது. இது மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. ஆகவே உங்கள் மாநிலத் தலைவரின் பின்னணியைப் பார்க்கும்போது, பட்டங்களைவிட, கவுன்ட்டி அளவில் ஒரு பேரிடரை முழுக்க நடத்தியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.