யாரோடு ஒப்பிட்டார்கள்? – மழலைக் கல்வி கேள்வி-பதில்

எல்.கே.ஜி. சேர்க்கை நேரம் என்பதால் இந்த மாதம் கடிதங்கள் அதிகம். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

எங்கள் பையனுக்குப் படிப்பு ஏறவே இல்லை. ஆராய்ச்சி முறையில் ஒரு வழி சொல்லுங்கள். – தந்தை, அம்பத்தூர்

வயது? இரண்டரையா, ஐந்தா? மாதா மாதம் எழுதுகிறேன், வயதை மாதக் கணக்கோடு எழுதுங்கள் என்று. இரண்டரை என்றால் ஏறுவதற்கு அங்கே படிப்பே இல்லை, விளையாட விடுங்கள். கூப்பிட்டால் திரும்பவில்லை, பேச்சு தாமதம் என்றால் முதலில் காதைப் பரிசோதியுங்கள்.

கர்ப்பத்தில் மொசார்ட் இசை கேட்டால் குழந்தைக்கு அறிவு கூடுமா? – மயிலாப்பூர்

கூடாது. 1993-ல் வந்த அந்த ஆய்வில் இருந்தவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். ஒரே வகைப் புதிரில் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண், அதுவும் கால் மணி நேரத்தில் போய்விட்டது. குழந்தை ஒன்றுகூட அதில் இல்லை. பாட்டு பிடித்தால் கேளுங்கள். பிறந்த பிறகு நீங்களே தாலாட்டு பாடுங்கள்.

'இன்று ஒரு ரூபாய் போட்டால் ஏழாகத் திரும்பும், நோபல் அறிஞர் நிரூபித்தது' என்று பக்கத்துத் தெரு மழலையர் பள்ளி நோட்டீஸ் அடித்திருக்கிறது. ஆண்டுக் கட்டணம் ஒன்றரை லட்சம். மகளுக்கு 3 வயது 2 மாதம். சேர்க்கலாமா? – வேளச்சேரி

இந்த நோட்டீஸை நானும் பல வடிவங்களில் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் மனசு கொதிக்கிறது.

நோபல் அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன். 2000-ல் அவருக்குப் பரிசு கிடைத்தது பொருளாதாரப் புள்ளிவிவர முறைகளுக்காக, குழந்தைக் கல்விக்காக அல்ல. பின்னாளில் அவர் அலசிய பெர்ரி ஆய்வு 1962-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில் தொடங்கியது. 123 குழந்தைகள், எல்லாரும் பரம ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் பள்ளி. ஆறு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை, தினமும் இரண்டரை மணி நேரம். அதே ஆசிரியை வாரம் ஒரு தடவை வீடு தேடிப் போய் ஒன்றரை மணி நேரம் அம்மாவோடும் குழந்தையோடும் உட்காருவார். நாற்பது வயது வரை பின்தொடர்ந்ததில், பள்ளி கிடைத்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள், குற்ற வழக்குகளில் சிக்கியது குறைவு. லாபக் கணக்கில் பெரும்பங்கு அந்தக் குற்றக் குறைவிலிருந்து வந்ததுதான். ஹெக்மன் போட்ட கணக்கு ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம். ஒன்று ஏழாகும் என்பது அதே பிள்ளைகளை 27 வயதுவரை பார்த்து வேறு ஆட்கள் போட்ட கணக்கு. நோட்டீஸ் இரண்டையும் ஒட்டவைத்துவிட்டது.

யாரோடு ஒப்பிட்டார்கள்? எந்த மழலையர் பள்ளியும் கிடைக்காத பிள்ளைகளோடு. உங்கள் மகளுக்கு வீட்டில் பாட்டி இருக்கிறார், கதைப் புத்தகம் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏழு ரூபாய் உங்கள் வீட்டுக்கு வரும் என்று சொல்ல எந்த ஆய்விலும் இடமில்லை. போதாததற்கு, அதே அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஏறத்தாழ 3,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். அரசு மழலையர் பள்ளியில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட ஆறாம் வகுப்பில் பின்தங்கியிருந்தார்கள். பள்ளிக்கு அனுப்புவது மட்டும் போதாது, அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் கணக்கு.

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி நிர்வாகி போன் செய்து, "ஏதாவது ஓர் ஆய்வுப் பேர் மட்டும் குடுங்க மேடம், நோட்டீஸ்ல போட்டுக்கறோம்" என்றார். வகுப்பறையைப் பார்க்கலாமா என்றேன். அப்புறம் போனே வரவில்லை.

நீங்கள் பத்தரை மணிக்குப் போய் அரை மணி நேரம் வகுப்பு ஓரமாக நில்லுங்கள். ஆசிரியை குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிகிறாரா? கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுக்கிறாரா? ஓர் ஆசிரியைக்கு எத்தனை பிள்ளைகள்? நிற்க விடமாட்டோம் என்றால் சேர்க்காதீர்கள்.

மூன்றரை வயதில் தினம் நான்கு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். – பெரம்பூர்

வேண்டாம். விரல் அதற்குத் தயாராகவில்லை. சப்பாத்தி மாவு பிசையட்டும், பூ கோக்கட்டும்.

பல்லாங்குழி ஆடினால் கணக்கு வருமா? – திருவான்மியூர்

பாதி வரும். தில்லியில் சுமார் 1,500 மழலைகளோடு எண்ணிக்கை, வடிவ விளையாட்டுகளை ஆடிப் பார்த்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். எது அதிகம், எது குறைவு என்று பார்த்தவுடன் சொல்லும் திறன் கூடியது, ஒரு வருடத்துக்கு மேல் நிலைத்தது. ஆனால் பள்ளிக் கணக்கில் அது உதவவில்லை. ஆட்டத்தை எழுத்து எண்ணோடு கோக்காமல் விட்டது குறையாக இருக்கலாம். ஆகவே குழியில் விழும் புளியங்கொட்டையை வாய்விட்டு எண்ணுங்கள், 5 என்று தரையில் எழுதியும் காட்டுங்கள்.

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு யூடியூப் பாட்டு? – போரூர்

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: இரண்டு வயதுக்குள் வேண்டாம், அதன் பிறகும் ஐந்து வயதுக்குள் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

அங்கன்வாடியில் எடை பார்க்கணும், பதிவேடு எழுதணும், செல்போனில் ஏற்றணும். பாடம் நடத்த நேரமே இல்லை. நாங்கள் என்னதான் செய்வது? – பணியாளர், வியாசர்பாடி

அம்மா, குறை உங்களிடம் இல்லை. உங்கள் பகுதியில் ஒரு மையத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். அந்தப் பணியாளர் "காக்கா ஒரு நாள்..." என்று கதை ஆரம்பித்தார். ஒரு தாய் எடை போட வந்தார், பணியாளர் எழுந்தார். உட்கார்ந்தார், போன் வந்தது. காக்கா கடைசிவரை பறக்கவேயில்லை.

இதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்து, குலுக்கலில் பாதிக்கு மட்டும், பாடம் நடத்த அரைநாள் வேலைக்கு இன்னொருவரைப் போட்டார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை வருடத்தில் கணக்கும் மொழியும் தெளிவாக உயர்ந்தன. பழைய பணியாளருக்கு வேலைச் சுமை குறைந்ததால், தொடர்ந்து வந்த பிள்ளைகளிடம் ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தது. யாரோடு ஒப்பிட்டார்கள்? ஒற்றை ஆளோடு ஓடும் உங்களைப் போன்ற மையங்களோடு. செலவைப் போல் பத்து மடங்குக்கும் மேல் பலன் என்பது 2021-ல் வெளியான மதிப்பீடு. இப்சிலாண்டியை மேற்கோள் காட்டும் நம்மவர்கள் இதை ஏன் பேசுவதில்லை? மாநிலம் முழுக்க ஐம்பதாயிரத்துக்கும் மேல் மையங்கள் இருக்கின்றன. இரண்டாவது ஆள் வேண்டும் என்று உங்கள் சங்கம் கேட்கட்டும், இந்த ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கட்டும்.

மகள் கம்பெனி வேலைக்குப் போகிறாள். பேரனுக்கு 1 வயது 8 மாதம், என்னிடம்தான் வளர்கிறான். நான் படிக்காதவள், பக்கத்து வீட்டுப் பெண் எழுதித் தருகிறாள். நான் என்ன சொல்லித்தர முடியும்? – ராயபுரம்

வயதைச் சரியாக எழுதியதற்கு நன்றி, அம்மா. ஜமைக்காவில் 1986-87 வாக்கில், வளர்ச்சி குன்றிய 129 ஏழைக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சிலரின் வீட்டுக்கு ஒரு சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் போய், குழந்தையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று அம்மாவுக்குக் காட்டினார். பொம்மைகள் வீட்டுக் கழிவில் செய்தவை. இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளின் சம்பளம், வீட்டுக்கு யாரும் வராத பிள்ளைகளைவிட 25 சதவீதம் அதிகம். அவர்கள் மெலிந்து குன்றிய பிள்ளைகள், உங்கள் பேரனுக்கும் அதே அளவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மாக்கள் செய்தது எல்லாமே உங்களால் முடியும்.

மீன் அலசும்போது இது வாலு, இது கண்ணு என்று சொல்லுங்கள். அவன் ஏதாவது சொன்னால் நிறுத்திக் கேளுங்கள், திருப்பிச் சொல்லுங்கள். காலி பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு பிடி துவரம்பருப்பு போட்டால் கிலுகிலுப்பை ரெடி. மூடியை இறுக்கி, மேலே நன்றாக டேப் சுற்றிக் கொடுங்கள். இந்த வயதில் கைக்கு வருவது எல்லாம் வாய்க்குப் போகும்.