பூநாரை அல்கோரிதம் வேண்டாம்: செல் உற்பத்தி கேள்வி-பதில்

அச்சுவேலி வாசகர்: 6 மெசின், 10 வகைப் பாகம். செல்களாக, அதாவது ஒத்த பாகங்களைச் சேர்த்துச் செய்யும் மெசின் குழுக்களாகப் பிரிக்க ஜெனடிக் அல்கோரிதம் (மரபணுக்களைப் போல விடைகளைக் கலந்து தேடும் முறை) எழுதித் தருவீர்களா?

மாட்டேன். 6 மெசினைக் குழுக்களாக்க 203 வழிதான் உண்டு. மெசினை நிரையிலும் பாகத்தை நிரலிலும் எழுதி, பாகத்துக்கு அந்த மெசின் வேண்டுமானால் 1, வேண்டாவிட்டால் 0 என்று அட்டவணை போடுங்கள். கிங் என்ற ஆய்வாளர் 1980இல் சொன்னபடி ஒவ்வொரு நிரையின் 1, 0-ஐயும் இரும எண்ணாக வாசித்து, பெரியது மேலே வர அடுக்குங்கள், பிறகு நிரல்கள். வரிசை மாறாமல் நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். பென்சில் போதும். மெசின் 20 ஆனால் வழிகள் 50 லட்சம் கோடியைத் தாண்டும், அப்போது எழுதுங்கள்.

சுன்னாகம் வாசகர்: குழுவாக்கத் திறன் 0.75 வந்தது. நல்லதா?

எந்த அட்டவணைக்கு? அதைச் சொல்லாமல் கேட்டால் எப்படி? மொத்தம் 40 ஒன்றுகள், அதில் 4 செல்லுக்கு வெளியே, செல்லுக்குள் 8 வெற்றிடம் (0) என்றால், உள்ளே உள்ள 36-ஐ 40-உம் 8-உம் சேர்ந்த 48-ஆல் வகுக்க 0.75 வரும். இன்னொரு அட்டவணையில் இதே எண் மட்டமாக இருக்கலாம். முதலில் அட்டவணையைச் சரிபாருங்கள். பாகத்தின் வேலைக் கார்டில் றில்லிங் என்று இருக்கும். பையன் லேத்திலேயே துளை போட்டு முடித்திருப்பான்.

கிளிநொச்சி மாணவர்: சாம்பல் ஓநாய், குயில், மின்மினி என்று உயிரினங்களைப் பார்த்து எழுதிய அல்கோரிதங்களில் எதில் ஆய்வு செய்யலாம்? நம் களப்பு பூநாரையை வைத்துப் புதிதாக ஒன்று எழுதலாமா?

தம்பி, பூநாரையை விடுங்கள், அது பாட்டுக்கு மேயட்டும். எறும்பு 1992, பறவைக் கூட்டம் 1995, குயில் 2009, ஓநாய் 2014. பெயர்கள் பெருகின, உள்ளே உள்ள கணக்கு அவ்வளவாக மாறவில்லை. எல்லாப் பிரச்சினைக்கும் சிறந்தது என்று ஒன்று கிடையாது என வோல்பேர்ட்டும் மக்ரெடியும் 1997இலேயே நிறுவிவிட்டார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஓநாய் முறை தசம எண்களில் நகர்வது. மெசினோ ஒன்றில் இந்தச் செல், இல்லாவிட்டால் அந்தச் செல். அதை எப்படிக் குறியிடப் போகிறீர்கள்? நான்கு மெசினுக்குச் செல் எண் 1,1,2,2 என்பதும் 2,2,1,1 என்பதும் ஒரே பிரிப்பு. அது தெரியாத புறோகிராம் அவை இரண்டையும் கலந்து 1,1,1,1 என்று குப்பை பெற்றெடுக்கும். இதற்காகத்தான் பால்கெனவர் என்ற ஆய்வாளர் தன் ஜெனடிக் அல்கோரிதத்தில் ஒரு மரபணுவுக்குள் முழுக் குழுவையே வைத்தார். அதைப் படியுங்கள். அட்டவணையையும் சரிபாருங்கள்.

கொக்குவில் வாசகர்: புறோகிராமை ஓட்டும்போதெல்லாம் விடை மாறுகிறது. பிழையா?

இல்லை. தற்செயல் எண்ணில் ஓடுவது மாறத்தான் செய்யும். ஒரு முப்பது தடவை ஓட்டிச் சராசரியையும் பரவலையும் சொல்லுங்கள். ஆகச் சிறந்ததை மட்டும் காட்டாதீர்கள்.

அதே வாசகர்: எல்லாப் பாகத்துக்கும் வெல்டிங் வேண்டும். கொம்பியூட்டர் அனைத்தையும் ஒரே செல்லில் போடுகிறது.

செல்லுக்கு இத்தனை மெசின்தான் என்று மேல்வரம்பு கொடுத்தீர்களா? வெல்டிங் செட் இன்னொன்று வாங்கலாம், வாங்குங்கள். பெயின்ட் அறை போன்றதை அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டுப் பொதுவில் வையுங்கள்.